சாவி வாட்ச் வாங்கும் முன்: நேரம் காட்டுமா என்று சோதிப்பது எப்படி?

விற்பவர் உங்கள் கையில் வாட்சைக் கொடுக்கும்போது அது அநேகமாகச் சரியான நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். காலையில் கடை விரிக்கும்போதே கைபேசியைப் பார்த்து முள்ளைத் திருப்பி வைத்திருப்பார். பிறகு ‘நிமிடம் தவறாது தம்பி’ என்று சொல்ல அவருக்கு என்ன தடை? எவ்வளவு மோசமான வாட்சையும் அப்படித் திருப்பி வைக்கலாம். ஆகவே இப்போது மணி சரியா என்பது கேள்வியே இல்லை. ஒரு நாளில் அது எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது, அந்த அளவு நாளுக்கு நாள் மாறாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இவற்றில் இரண்டாவதுதான் முக்கியம். தினமும் தவறாமல் 25 நொடி முந்துகிற வாட்ச் நல்ல வாட்ச். இன்று 2 நொடி, நாளை 40 நொடி, மறுநாள் பின்னோக்கி 15 நொடி என்று போகிற வாட்சுக்குள் ஏதோ கோளாறு இருக்கிறது.

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய வாட்ச் கடையிலோ, இணையத்தில் முகம் தெரியாத ஒருவரிடமோ, முதல்முறையாகச் சாவி கொடுக்கும் வாட்சையோ, கை அசைவிலேயே தானாக முறுக்கேறும் ஆட்டோமேட்டிக்கையோ வாங்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். டயல் அசலா, கேஸ் அசலா என்பது தனி ஆராய்ச்சி. இங்கே ஓட்டத்தைப் பற்றி மட்டும்.

எவ்வளவு பிசகு சகஜம்?

ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். அதில் 20 நொடி முந்தும் வாட்ச், நூற்றுக்கு 99.97 பங்குக்கு மேல் சரியாக ஓடுகிறது. ஒரு சுருள் கம்பியும் ஒரு சிறு சக்கரமும் சேர்ந்து செய்கிற வேலைக்கு இது பெரிய விஷயம். ஆனால் மாதக் கடைசியில் அது பத்து நிமிடமாகச் சேர்ந்துவிடும் என்பதால் நமக்குச் சின்னதாகத் தோன்றுவதில்லை.

சுவிட்சர்லாந்தில் ‘குரோனோமீட்டர்’ சான்றிதழ் வழங்கும் அமைப்பு, வாட்சின் மிஷினை, அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தை, 15 நாள், 5 நிலைகளில், 8, 23, 38 டிகிரி என மூன்று வெப்பநிலைகளில் வைத்துச் சோதிக்கிறது. தேறுவதற்குச் சராசரி ஓட்டம் நாளுக்கு −4 முதல் +6 நொடிக்குள் இருக்க வேண்டும். விலையுயர்ந்த வாட்சுகளின் கணக்கு அது. மறுபக்கம், இன்று பல நிறுவனங்களின் விலை குறைந்த ஆட்டோமேட்டிக்குகளில் இருக்கும் என்.எச்.35 மிஷினுக்குத் தயாரிப்பாளரே சொல்லும் எல்லை −20 முதல் +40 வரை. ஆகவே அப்படிப்பட்ட புது வாட்ச் ஒன்று நாளுக்கு 30 நொடி முந்தினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக முடியாது.

நம் ஊர்ச் சந்தையில் அதிகம் கண்ணில் படுவது எச்.எம்.டி. 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தயாரிப்பைத் தொடங்கி, ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று நாடு முழுக்க மணிக்கட்டுகளில் ஏறியவை. 2016இல் மத்திய அரசு அந்த வாட்ச் நிறுவனத்தை மூடுவதாக முடிவெடுத்த பிறகு பழையவற்றுக்குக் கிராக்கி கூடியது. சர்வீஸ் முடிந்த சாவி எச்.எம்.டி. நாளுக்கு 30 நொடிக்குள் ஓடினால் நான் மனநிறைவோடு வாங்குவேன். ஒரு நிமிடம் வரை மாறாமல் முந்தினாலோ பிந்தினாலோ விலை பேசுவேன். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் உள்ளே சிக்கல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

இந்த எண்கள் எதுவும் பிடிக்கவில்லை என்றால் மாதத்துக்கே 15, 20 நொடி மட்டும் தவறும் குவார்ட்ஸ், அதாவது பேட்டரி வாட்ச் வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று: கையில் இருப்பது உண்மையிலேயே சாவி வாட்ச்தானா என்று பாருங்கள். நொடி முள் நொடிக்கு ஒரு முறை குதித்துக் குதித்து நின்றால் அது பேட்டரி வாட்ச். எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்திருக்கிறது. சாவி எச்.எம்.டி.க்கள் பெரும்பாலும் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. முள் சின்னச் சின்ன அடியாக வழுக்கிச் செல்வது போலத் தெரியும். 21,600 என்றால் நொடிக்கு ஆறு, 28,800 என்றால் எட்டு. இந்த எண்ணை விற்பவரிடமோ இணையத்திலோ தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கடை முன்னால் நிற்கும்போது

ஓடிக்கொண்டிருக்கும் வாட்சைவிட நின்று கிடக்கும் வாட்ச் அதிகம் சொல்லும். முடிந்தால் நின்றுபோன நிலையில் வாங்கிப் பாருங்கள். உள்ளங்கையில் டயல் மேலே பார்க்க அசைக்காமல் வைத்து, சாவியை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் திருகை, மெதுவாகச் சில சுற்று கொடுங்கள். நல்ல மிஷின் தானாகவே ஓடத் தொடங்கும். ஆட்டினால்தான் கிளம்புகிறது, தட்டினால்தான் கிளம்புகிறது என்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, அல்லது பேலன்ஸ் வீல் (இருபுறமும் ஊசலாடி நேரத்தை அளக்கும் சிறு சக்கரம்) நடுநிலையில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. சீகோவின் 7எஸ்26 போன்ற ஆட்டோமேட்டிக்குகளுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. அவற்றைக் கிடையாகப் பிடித்து மெல்லச் சுழற்றி உயிர் கொடுக்க வேண்டும்.

சாவி கொடுக்கும்போது விரலில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். சீரான கிடுகிடுப்பு இருந்தால் நல்லது. மணல் அரைபடுவது போல இருந்தால் சாவித் தண்டிலோ பல்சக்கரத்திலோ துரு. கடலோர ஊரில் இது அபூர்வமில்லை. உப்புக்காற்றும் வியர்வையும் முதலில் நுழைவது சாவி ஓட்டை வழியாகத்தான். சாவி வாட்ச் ஒரு கட்டத்தில் இறுகி நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே போனால், வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. ‘முழுதாகச் சாவி கொடுக்காதீர்கள், கெட்டுவிடும்’ என்று யாராவது தடுத்தால் சந்தேகப்படுங்கள். இறுகும்வரை கொடுத்து நிறுத்துவதால் எந்த வாட்சும் கெடாது. ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங் வழுக்கிக்கொள்ளும் என்பதால் இறுகாமல் போவது இயல்பு.

பிறகு காதில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் எந்தக் காதுக்கும் எதுவும் கேட்காது என்பது உண்மைதான். மறு காதைப் பொத்திக்கொண்டு ஒரு சந்துக்குள் ஒதுங்கினால் போதும். இரண்டு ஒலிகளுக்கும் நடுவே சம இடைவெளி இருக்க வேண்டும். ‘டிக்-டக், டிக்-டக்’ என்று இரண்டிரண்டாகச் சேர்ந்து நொண்டி நடந்தால் மேலே சொன்ன சாய்வுதான் காரணம்.

அடுத்தது காந்தம். கைபேசியில் திசைகாட்டிச் செயலியைத் திறந்து, வாட்சை அதன் அருகே மெல்லக் கொண்டு செல்லுங்கள். உள்ளே எஃகு பாகங்கள் இருப்பதால் முள் சற்றே அசையலாம். ஆனால் முள் கணிசமாகத் திரும்பினால் வாட்சில் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் ஏறினால், பேலன்ஸ் வீலோடு இணைந்த மெல்லிய சுருள் கம்பியான ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஸ்பிரிங் குட்டையானது போல ஆகிவிடும். வாட்ச் நாளுக்குச் சில நிமிடங்கள்கூட முந்தும். ஒலிபெருக்கி, கைப்பையின் காந்தப் பட்டன், கைபேசி உறை எல்லாமே இதைச் செய்யக்கூடியவை. பயப்படத் தேவையில்லை. காந்தம் எடுக்கும் கருவி வைத்திருக்கும் ரிப்பேர்காரரிடம் ஒரு நிமிட வேலை. விற்பவருக்கு இது தெரியாவிட்டால் ‘கெட்டுப்போன வாட்ச்’ என்று அவரே குறைத்துத் தருவார். புதிதாக வாங்குகிறவருக்கு அரிதாகக் கிடைக்கும் லாபம் இது.

பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். திருப்பாதிரிப்புலியூரில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர், கேட்பதற்கு முன்பே கத்தியின் முனையைக் கேஸ் விளிம்பில் வைத்துத் திருகிவிடுவார். ரப்பர் பந்தால் ஒரு ஊது ஊதிவிட்டு, கண்ணில் மாட்டியிருக்கும் லென்ஸைக் கழற்றி நம்மிடம் தருவார். அந்த லென்ஸ் வழியாகப் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது பேலன்ஸ் வீலின் வீச்சு. ஊஞ்சல் எவ்வளவு உயரம் போகிறது என்பது போலத்தான். முழுதாகச் சாவி கொடுத்துக் கிடையாக வைத்தால், சக்கரத்தின் ஒரு கை நடுநிலையிலிருந்து இரு பக்கமும் முக்கால் சுற்று அளவுக்குப் போய்வர வேண்டும், அதாவது 270 டிகிரி சுமார். அரைச் சுற்றே போய்த் திரும்பினால் அது 180. அந்த வாட்சுக்கு உடனே சர்வீஸ் தேவை. கண்ணால் அளப்பது கடினம். ஆனாலும் துள்ளலாகச் சுழல்வதற்கும் சோம்பலாக அசைவதற்கும் உள்ள வேற்றுமை முதல் பார்வையிலேயே தெரியும்.

இரண்டாவது ஹேர் ஸ்பிரிங். சுற்றுகள் ஒரே இடைவெளியில், ஒரே தளத்தில், மூச்சு விடுவது போல விரிந்து சுருங்க வேண்டும். இரண்டு சுற்றுகள் தொட்டுக்கொண்டாலோ, எண்ணெய்ப் பசை மின்னினாலோ, ஒரு பக்கம் தள்ளியிருந்தாலோ நேரம் நிலையாக இராது. செம்பழுப்புப் புள்ளி ஒன்றே ஒன்று தெரிந்தாலும் வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துருப்பிடித்த ஹேர் ஸ்பிரிங்கைச் சரிசெய்வது என்று ஒன்றில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவதைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. அதுதான் ரெகுலேட்டர், பேலன்ஸ் வீலுக்கு மேலுள்ள பாலத்தில் இருக்கும் சின்னக் கைப்பிடி. அருகே + − என்றோ, ஏ, ஆர் என்ற பிரெஞ்சு எழுத்துகளோ பொறித்திருக்கும். + அல்லது ஏ பக்கம் தள்ளினால் வேகம் கூடும், எதிர்ப்பக்கம் தள்ளினால் குறையும். ஆரோக்கியமான வாட்சில் அது நடுப்பக்கமாக நிற்கும். அது ஒரு கோடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் வாட்ச் இப்போது மிகச் சரியாக ஓடுகிறது என்றால், உள்ளே இருக்கும் ஏதோ ஒரு நோயை யாரோ இந்தக் கைப்பிடியால் மறைத்து வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கை வெட்டி ஒட்டியிருக்கலாம், வேறு மிஷினின் பேலன்ஸைப் பொருத்தியிருக்கலாம். நிறம் நிறமாகப் புது டயல் போட்டு இணையத்தில் விற்கப்படும் பழைய எச்.எம்.டி.க்களில் உதிரி பாகங்கள் கலந்து வருவது சாதாரணம் என்பதால் இதைத் தவறாமல் பாருங்கள்.

பத்து நிமிடத்தில் கண்ணால் அளக்க முடியாது

கைபேசிக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ‘ஒரு நொடிகூட மாறவில்லை’ என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கைப் போட்டுப் பாருங்கள். முள்ளைப் பார்த்து நேரம் குறிப்பதில் நம் கண்ணும் விரலும் எளிதில் ஒரு நொடி தவறும். பத்து நிமிடத்தில் ஒரு நொடி தவறு என்றால் நாளுக்கு 144 நொடி. ஒரு மணி நேரம் காத்திருந்தால் அதே தவறு நாளுக்கு 24 நொடியாகக் குறையும். 12 மணி நேரத்தில் இரண்டு நொடி. ஆக, நின்ற இடத்தில் கண்ணால் சோதிப்பது மிக மோசமான வாட்சை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அவசரமாக அளக்க வேண்டுமென்றால் காதுள்ள கருவிதான் வேண்டும்.

அந்தக் கருவியை வாட்ச் கடைகளில் டைமிங் மிஷின் என்பார்கள். ஒலிவாங்கி பொருத்திய தாங்கியில் வாட்சை மாட்டினால், ஒவ்வொரு துடிப்பையும் கேட்டுத் திரையில் கோடு போட்டு மூன்று எண்களைக் காட்டும். கைபேசிச் செயலிகளும் இதே வேலையைச் செய்கின்றன. பேசும் ஒலிவாங்கியின் மேல் வாட்சின் சாவி படும்படி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள். சந்தையில் இது நடக்காது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் நடக்கும்.

மூன்று எண்களில் முதல் எண் ஓட்டம், நாளுக்கு எத்தனை நொடி முந்தல் அல்லது பிந்தல். எல்லோரும் பார்ப்பது இதை. விற்பவர் படம் எடுத்து அனுப்புவதும் இதைத்தான். ஆனால் ரெகுலேட்டரை ஒரு தள்ளுத் தள்ளினால் எந்த நோஞ்சான் வாட்சிலும் இந்த எண்ணைப் பூஜ்யமாக்கிக் காட்டலாம்.

இரண்டாவது எண் வீச்சு, டிகிரியில். மருத்துவர் நாடி பார்ப்பது போல நான் முதலில் பார்ப்பது இதை. முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, 250 முதல் 310 வரை நல்லது. பழைய 18,000 துடிப்பு மிஷின் 230, 240 காட்டினாலும் தள்ளிவிட மாட்டேன். நிமிர்த்தி வைத்தால் 20 முதல் 40 டிகிரி குறைவது இயல்பு. 200க்குக் கீழே போனால் சர்வீஸ் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: வீச்சைக் கணக்கிட, மிஷினுக்கு மிஷின் மாறும் ‘லிஃப்ட் ஆங்கிள்’ என்ற கோண எண்ணைக் கருவியில் நாம்தான் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் 52 என்று தொழிற்சாலையிலேயே வைத்திருப்பார்கள். என்.எச்.35க்கு 53, ஈட்டா 2824 என்ற சுவிஸ் மிஷினுக்கு 50. இது தவறினால் வீச்சு எண் தவறும், ஆனால் ஓட்டம் தவறாது. கைபேசி காட்டும் வீச்சை நான் அவ்வளவாக நம்புவதில்லை, ஒலி தெளிவாக இராததால் அது அலைபாயும். ஓட்டத்தை நம்பலாம், ஓரிரு நொடி முன்பின்.

மூன்றாவது பீட் எரர். நொண்டி நடையை மில்லி நொடியில் சொல்வது. 1க்குள் இருந்தால் மறந்துவிடுங்கள். 3, 4 என்றால் யாரோ பேலன்ஸைக் கழற்றி அவசரமாகத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய பல மிஷின்களில் இதைத் திருத்த ஹேர் ஸ்பிரிங்கையே பிடித்துத் திருப்ப வேண்டும். எல்லோரும் செய்யத் துணியாத வேலை.

எண்களைவிடக் கோடு அழகாகப் பேசும். இரண்டு நேர்கோடுகள் நெருக்கமாக, சற்றே சாய்ந்து போனால் நல்ல மிஷின். சாய்வு முந்தலையோ பிந்தலையோ மட்டும் காட்டுகிறது. கோடு அலை அலையாக வளைந்தால் பல்சக்கரம் ஒன்று சரியில்லை. புள்ளிகள் சிதறி மழை பெய்தது போல இருந்தால் அழுக்கு, அல்லது உங்கள் அறையில் சத்தம். முதலில் சத்தத்தை நிறுத்திப் பாருங்கள்.

ஒரே நிலையில் ஒரு முறை பார்த்தால் போதாது. டயல் மேலே, டயல் கீழே, சாவி கீழே, இந்த மூன்றையாவது தலா ஒரு நிமிடம் பாருங்கள். வைத்தவுடன் வரும் எண்ணை விட்டுவிட்டு அரை நிமிடம் கழித்து எழுதுங்கள். டயல் மேலேயும் கீழேயும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் பேலன்ஸ் அச்சின் ஒரு முனை தேய்ந்திருக்கிறது. நிமிர்த்திய நிலையில் 10, 20 நொடி விலகுவது பழைய வாட்சில் சகஜம். ஒரு நிலையில் +15, இன்னொன்றில் −60 என்று போனால் ரெகுலேட்டரால் அதைத் தீர்க்க முடியாது.

ஒரு இரவு கொடுப்பாரா?

முன்பணம் வாங்கிக்கொண்டு ஓரிரு நாள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல விடும் கடைக்காரர் கிடைத்தால் கருவியே வேண்டாம். தெரிந்த கடையில் பெரும்பாலும் விடுவார்கள். சந்தையில் கேட்டால் சிரிப்பார்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. கைபேசியில் நேரம் தானாக அமையும்படி வைத்து, நொடி தெரியும் கடிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். தொலைக்காட்சியை நம்பாதீர்கள், டிஷ் வழியாக வரும் ஒளிபரப்பு சில நொடி பிந்தியே வரும். புதுச்சேரி பெரிய மார்க்கெட் மணிக்கூண்டையும் நம்ப வேண்டாம்! இந்திய நேரத்தைக் காப்பது புதுடெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம். கைபேசி நேரம் நம் வேலைக்குத் தாராளமாகப் போதும்.

2. வாட்சுக்கு முழுதாகச் சாவி கொடுங்கள். முள்ளைத் திருத்தாதீர்கள். பல பழைய வாட்சுகளில் சாவியை இழுத்தாலும் நொடி முள் நிற்காது, அதைத் துல்லியமாகப் பொருத்தப் போராடுவது வீண். நொடி முள் 12ஐத் தொடும் கணத்தில் கைபேசி எத்தனை நொடி காட்டுகிறது என்று மட்டும் குறியுங்கள் (55 என்றால் வாட்ச் 5 நொடி முன்னால், 5 என்றால் 5 நொடி பின்னால்). எப்போதும் 12இலேயே பாருங்கள். டயலில் முள் மையம் கொஞ்சம் தள்ளியிருந்தால் 3இலும் 9இலும் பார்ப்பது வேறு வேறு விடை தரும். கைபேசியையும் வாட்சையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

3. இரவு முழுக்க டயல் மேலே பார்க்க மேசையில் வையுங்கள். காலையில் மறுபடி குறியுங்கள். இரவு 7 மணிக்கு 5 நொடி முன்னால், காலை 7 மணிக்கு 14 நொடி முன்னால் என்றால், 12 மணி நேரத்தில் 9 நொடி. நாளுக்கு +18.

4. பகலில் கையில் கட்டுங்கள். பஸ்ஸில் போங்கள், வழக்கமான வேலையைச் செய்யுங்கள். மாலையில் குறியுங்கள்.

5. 24 மணி நேரம் ஆன பிறகு சாவி கொடுக்காமலேயே விட்டு, எப்போது நிற்கிறது என்று பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் சாவி வாட்ச் ஒன்றரை நாள் ஓட வேண்டும்.

இரவுக் கணக்கும் பகல் கணக்கும் நெருங்கியிருந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். இரவில் +18, பகலில் +8 என்பதுகூட நல்ல வாட்ச்தான். முதல் 24 மணி நேரத்தில் ஒழுங்காக ஓடி, கடைசியில் தாறுமாறாகப் போனால் மெயின் ஸ்பிரிங் களைத்திருக்கிறது. தினமும் காலையில் தவறாமல் சாவி கொடுப்பவராக இருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தேதி காட்டும் வாட்ச் என்றால் நள்ளிரவை ஒட்டித் திணறி நிற்கிறதா என்பதையும் பாருங்கள். தேதித் தகட்டைத் தள்ளும் நேரத்தில் மிஷினுக்குச் சுமை கூடும், பலவீனமானவை அங்கேதான் படுத்துவிடும்.

இணையத்தில் வாங்கும்போது

‘ரன்னிங் கண்டிஷன்’ என்று எழுதியிருந்தால் முள் நகர்கிறது என்று மட்டும் அர்த்தம். விற்பவரிடம் இரண்டு படங்கள் கேளுங்கள்: வாட்சும் நொடி காட்டும் கைபேசியும் ஒன்றாக, ஒரே சட்டகத்தில், 24 மணி நேர இடைவெளியில். நடுவில் முள்ளைத் திருத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். நேர்மையானவருக்கு இது ஐந்து நிமிட வேலை. டைமிங் மிஷின் வைத்திருப்பவர் என்றால் மூன்று எண்களும் தெரியும்படி, டயல் மேலேயும் சாவி கீழேயும் வைத்து ஒரு காணொளி. படம் வேண்டாம், படத்தில் நல்ல கணத்தை மட்டும் பிடித்துவிடலாம். தர மறுப்பவரிடம் வாதாட வேண்டியதில்லை. பைலட்டும் ஜனதாவும் தீர்ந்துபோகிற சரக்கு அல்ல.

விலை பேசும்போது

மாறாமல் முந்துகிற, மாறாமல் பிந்துகிற வாட்சுக்கு நான் அதிகம் விலை குறைத்துக் கேட்பதில்லை. அதைச் சரிசெய்வது ஒரு நொடி வேலை. திருப்பாதிரிப்புலியூர்ப் பெரியவர் ஒரு மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, ரெகுலேட்டரை மயிரிழை அளவு நகர்த்துவார். நகர்ந்ததே கண்ணுக்குத் தெரியாது. பிறகு மிஷினை மூடாமலேயே ஒரு கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து மறுநாள் வரச் சொல்வார். நிலையில்லாத வாட்சுக்கு மட்டும், உங்கள் ஊரில் முழுச் சர்வீசுக்கு என்ன கேட்கிறார்களோ அந்தத் தொகையை முழுதாகக் கழித்துக் கேளுங்கள். ‘சர்வீஸ் செய்ததுதான்’ என்று விற்பவர் சொன்னால், எப்போது, யார் செய்தது என்று கேளுங்கள். பெட்ரோலில் கழுவி மேலே எண்ணெய் விடுவதையும் சர்வீஸ் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படிக் கழுவியது சில வாரங்களுக்கு அருமையாக ஓடும்.

வாங்கிய பிறகு ஒரு வாரம் ரெகுலேட்டர் பக்கமே போகாதீர்கள். இரவில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு நிலையில் வைத்துப் பாருங்கள்: டயல் மேலே, சாவி மேலே, சாவி கீழே. பெரும்பாலான வாட்சுகள் ஏதாவது ஒரு நிலையில் பிந்தும். பகலில் கையில் 8 நொடி முந்துகிற வாட்ச், இரவில் சாவி மேலே இருக்க நிறுத்தி வைத்தால் 7 நொடி பிந்துகிறது என்றால், இரவில் எப்படி வைப்பது என்று தெரிந்துவிட்டது, செலவில்லாமல் காரியம் முடிந்தது. அப்படி எந்த நிலையும் கைகொடுக்கவில்லை என்றால் அந்த வாரக் குறிப்பை அப்படியே ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். ‘வேகமாக ஓடுகிறது, பாருங்கள்’ என்று சொல்வதைவிட, ‘கையில் கட்டினால் +35, மேசையில் +40’ என்று சொன்னால் எந்தப் பக்கம், எவ்வளவு தள்ள வேண்டும் என்று அவருக்கு உடனே புரியும்.